கரட்டுத் தடத்தில் குழுவாக ஏடிவி ஓட்டம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கான முழு வழிகாட்டி

ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் திறந்த நான்கு சக்கர வண்டி. அதில் பாலைவன ஓட்டம் என்றால் மணல்மேடுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நம் பக்கம் மணல்மேடு கிடையாது. இங்கே இருப்பது செம்மண், மொரம்பு, உடைந்த பாறை, சீமைக்கருவேல முள், கோடையில் வற்றிக் கிடக்கும் ஓடை. மணலில் கவிழ்ந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு போய்விடும். இங்கே கவிழ்ந்தால் அடியில் கல் காத்திருக்கும்.

தனியாக ஏடிவி ஓட்டுவது ஒரு வேலை, ஏழெட்டு வண்டி சேர்ந்து போவது முற்றிலும் வேறு வேலை. குழுவில் வரும் சிக்கல் ஓட்டத் தெரியாததால் வருவது குறைவு. முன்வண்டி கிளப்பிய புழுதிக்குள் பின்வண்டி நெருங்கிப் போவதால் வருவதுதான் அதிகம். கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி, அந்த இடைவெளியைக் காப்பாற்றத்தான்.

முதலில் நிலம்

தடம் தேடும் முன் எங்கே போகக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டவை. இரண்டும் இந்த இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கின்றன. அனுமதி இல்லாமல் வண்டியோடு உள்ளே நுழைவது குற்றம். வண்டியையும் பிடித்து வைப்பார்கள். "ஓரமாத்தான் போனோம்" என்ற பேச்சு எடுபடாது. எல்லைக்கல் தெரிந்தால் அதிலிருந்து நன்றாகத் தள்ளியே தடத்தைப் போடுங்கள்.

மிச்சம் இருப்பது பட்டா நிலமும் புறம்போக்கும். தமிழக அரசின் நில ஆவண இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்தால் பட்டா விவரமும் புலப்பட வரைபடமும் கிடைக்கும். தடம் கடக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டா நிலம் என்றால் சொந்தக்காரரை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும். போனில் கேட்டால் சரி என்பார். அன்று காலையில் எட்டு வண்டி வந்து நிற்கும்போது அவருடைய தம்பி வேண்டாம் என்பார். ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்துக்குத் தேதி, நேரம், வண்டி எண்ணிக்கை எழுதி ஒரு கடிதம் கொடுத்து வைத்தால் பிறகு யார் புகார் சொன்னாலும் பேச இடம் இருக்கும்.

மேய்ச்சல் நிலம், அறுவடை முடிந்த மானாவாரிக் காடு, கரட்டு (சிறு பாறைக்குன்று) அடிவாரத்து வண்டித்தடம், இவை மூன்றும் ஓட்டத்துக்கு ஏற்றவை. ஏரிக்கரை மேல் ஓட்டாதீர்கள். டயர் கரையைக் கீறினால் மழைக்காலத்தில் அங்கேதான் உடைப்பு எடுக்கும். கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகள் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அவற்றின் விளிம்பு செங்குத்து, கீழே ஆழம் தெரியாத தண்ணீர். அந்தப் பக்கம் வேண்டாம்.

தடத்தைத் தேர்ந்ததும் இரண்டு பேர் ஒரு பைக்கில் முழுத் தூரமும் போய் வர வேண்டும். வரைபடத்தில் தெரியாதவை நான்கு உண்டு. முதலாவது, கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணறு. புல் மூடிக் கிடந்தால் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. ஒவ்வொன்றையும் செல்போன் வரைபடத்தில் குறித்து, ஓட்டத்தன்று அதைச் சுற்றி நாலு கழி நட்டுத் துணி கட்டுங்கள். இரண்டாவது, பாதைக்குக் குறுக்கே போகும் பிவிசி குழாயும் சொட்டுநீர்க் குழாயும். மூன்றாவது, மார்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டிய கம்பி. நான்காவது, பன்றிக்காகப் போட்ட திருட்டு மின்வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இவற்றில் மின்சாரம் பாய்வது பெரும்பாலும் இரவில். அந்தி சாய்ந்தபின் ஓட்டவே கூடாது என்பதற்கு யானை ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

எந்த மாதம், எந்த நேரம்

நல்ல காலம் பிப்ரவரி முதல் மார்ச் பாதி வரை. ராகியும் கொள்ளும் வீடு போய்ச் சேர்ந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், வெயில் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. ராகி முற்றும் டிசம்பர், ஜனவரியில் தளி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கம் யானைக்கூட்டம் வயலுக்கு இறங்கும். அந்தப் பருவத்தில் அங்கே இரைச்சல் வண்டியோடு சுற்றுவது உங்களுக்கும் ஆபத்து, யானையை ஊருக்குள் விரட்டிவிடுவீர்கள் என்பதால் ஊருக்கும் ஆபத்து. ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்குள் முடிப்பதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். செப்டம்பர், அக்டோபர் மழையில் செம்மண் தடம் வழுக்கும், ஓடை சொல்லாமல் வரும்.

புழுதி ஓட்டுபவர்களுக்கு மட்டும் தொல்லை இல்லை என்பதை வெளியூர்க் குழுக்கள் மறந்துவிடுகின்றன. ஜனவரி, பிப்ரவரியில் மாந்தோப்பு பூத்திருக்கும். பூங்கொத்தில் புழுதி படிந்தால் தோப்புக்காரர் வயிறு எரிவார், அதில் நியாயமும் உண்டு. மல்பெரித் தோட்டம் அதைவிட மோசம். புழுதி படிந்த இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியாது. பட்டுக்கூடு வளர்க்கும் வீடுகள் இரண்டு மாவட்டத்திலும் நிறைய. மல்பெரிக்கும் பூத்த தோப்புக்கும் 100 மீட்டருக்குள் நடை வேகத்தில் போவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தோட்டம் காற்று வரும் பக்கம் இருக்கும்படி தடத்தை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

விடிந்ததும் கிளம்பி 10:30-க்குள் முடிப்பது சரியான கணக்கு. இந்தத் தரையில் நிறுத்தங்களையும் சேர்த்தால் குழுவின் சராசரி மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர்தான் வரும். ஆகவே ஒரு காலைக்கு 30 முதல் 35 கிலோமீட்டர் போதும். 60 கிலோமீட்டர் திட்டம் போட்டவர்கள் கடைசி 20-ஐ உச்சிவெயிலில் அவசரமாக ஓட்டுவார்கள். கவிழ்வதும் அங்கேதான்.

எத்தனை வண்டி, யார் ஓட்டுவது

ஒரு குழுவுக்கு 5 முதல் 8 வண்டி. அதற்கு மேல் என்றால் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழிகாட்டியும் கடைசி வண்டியும் வைத்து, 20 நிமிட இடைவெளியில் விடுங்கள். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெரியவர்கள் ஓட்டும் வண்டி கிடையாது. ஒற்றை ஆளுக்கான வண்டியில் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. இருக்கை நீளமாக இருப்பது ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக, இரண்டாவது ஆளுக்காக அல்ல. பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

பெரும்பாலான ஏடிவிகளுக்குச் சாலைப் பதிவு கிடையாது. அவற்றைத் தேசிய நெடுஞ்சாலை 44-இல் மட்டுமல்ல, ஊர்த் தார்ச்சாலையிலும் ஓட்டக்கூடாது. தடம் தொடங்கும் இடம் வரை பிக்கப் வண்டியில்தான் போக வேண்டும். தடம் எங்காவது தார்ச்சாலையைக் கடந்தால் அங்கே எஞ்சினை நிறுத்தி, இருபுறமும் ஆள் நின்று, வண்டியைத் தள்ளிக் கடத்துங்கள்.

ஏற்றும்போது அகலமான சாய்பலகை இரண்டு, பிக்கப்பின் தளத்தோடு பெல்ட் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். கட்டாத பலகை, முன்சக்கரம் மேலே ஏறிய நொடியில் பின்னால் உதைத்துக்கொண்டு விழும். மேலே ஏற்றியதும் பார்க்கிங் பிரேக் போட்டு, நாலு மூலையிலும் ராட்செட் பெல்ட்டால் (நெம்பி இறுக்கும் பட்டை) ஷாக் அப்சார்பர் பாதி அமுங்கும் வரை இழுத்துக் கட்டுங்கள்.

வண்டியைத் தயார் செய்தல்

டயரில் தொடங்குங்கள். ஏடிவி டயருக்குக் காற்று மிகக் குறைவு, பொதுவாக 5 முதல் 7 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது பம்பரிலோ மட்கார்டிலோ ஒட்டிய தாளில் இருக்கும். பெட்ரோல் பங்க் மீட்டர் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை அளக்கும் தனி மீட்டர் வாங்குங்கள். பங்க்கில் கார் டயர்போல 30 அடித்துவிட்டால் வண்டி ஒவ்வொரு கல்லிலும் பந்தாய்த் துள்ளும், டயரும் வெடிக்கலாம். கல் தடத்தில் தாளில் உள்ளதைவிட 1 பிஎஸ்ஐ கூட்டலாம். குறைத்தால் டயர் அமுங்கி ரிம் கல்லில் மோதும், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றும் போகும். இடது வலது இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். அரை பிஎஸ்ஐ வித்தியாசத்துக்கே ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். புழுதிக்குள் போகும் குழுவில் பின்னால் வரும் வண்டியின் ஃபில்டர் ஒரே காலையில் அடைத்துவிடும். ஸ்பாஞ்ச் வகை என்றால் மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி, ஃபில்டர் ஆயில் தடவி, உள்ளங்கைக்குள் வைத்து அமுக்கிப் பிழியுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஒட்டு விட்டுப்போகும். உலர்ந்த ஸ்பாஞ்ச் புழுதியைப் பிடிக்காது, எண்ணெய்தான் பிடிக்கிறது. காகித வகையைக் கழுவவே கூடாது, தட்டி எடுக்கலாம், இல்லையென்றால் புதிது. எண்ணெய் போட்ட ஸ்பாஞ்ச் ஒன்றை ஜிப் கவரில் போட்டு வண்டிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் பெட்டியின் விளிம்பில் லேசாகக் கிரீஸ் தடவினால் ஓரத்தில் நுழையும் தூசும் நிற்கும். இந்த வேலையைச் சோம்பல்பட்டு விட்டவர்களின் எஞ்சினில்தான் சீக்கிரமே பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் புகையும்.

கியர் மாற்றத் தேவையில்லாத தானியங்கி வண்டிகளில் உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. மெதுவாக, முழுச் சுமையோடு, ஹை கியரில் ஏற்றம் ஏறினால் பெல்ட் வழுக்கிச் சூடாகும். மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டும் இடத்தில் எல்லாம் லோ கியர் போடுங்கள். ரப்பர் கருகும் வாசனை வந்தால் உடனே நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். பெல்ட் பெட்டிக்குள் காற்று போய்ச் சூடு இறங்கும்.

இவை தவிர, கிளம்புவதற்கு முந்தைய நாள் பார்க்க வேண்டியவை: நான்கு சக்கர நட்டுகளின் இறுக்கம், முன்சக்கரத்தைக் கையால் ஆட்டினால் டை ராடு எண்டில் (ஹேண்டிலிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை) தளர்ச்சி இருக்கிறதா, ஆக்சிலை மூடும் ரப்பர் உறையில் கிழிசல், பிரேக் பேடின் தடிமன், எஞ்சின் ஆயில் அளவு, கூலன்ட், ரேடியேட்டரில் புல் விதையும் சேறும் அடைத்திருக்கிறதா. ரேடியேட்டரைப் பின்பக்கத்திலிருந்து மெல்லிய தண்ணீரில் கழுவ வேண்டும், வாட்டர் சர்வீஸ் அழுத்தத்தில் அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கடைசியாக ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து விட்டுப் பாருங்கள். தானாகத் திரும்பி வராவிட்டால் அந்த வண்டி வரக்கூடாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒவ்வொருவரிடமும்: ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு ஹெல்மெட், ஓரத்தில் ஸ்பாஞ்ச் வைத்த கண்ணாடி, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், முழுக்கை, கையுறை, 4 லிட்டர் தண்ணீர், இரண்டு பொட்டலம் ஓஆர்எஸ், ஒரு விசில். மூக்கைக் கட்டத் துண்டு பயன்படுத்தினால் அதன் நுனியைச் சட்டைக்குள் செருகுங்கள். தொங்கும் துண்டு சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இழுத்துவிடும்.

குழுவுக்குப் பொதுவாக: டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் முப்பது ஒட்டுத்திரிகளும் (கருவேல முள்ளுக்கு இது அதிகம் இல்லை), 12 வோல்ட் காற்று பம்ப், ஒரு கைப்பம்ப், 8 முதல் 19 வரை ஸ்பேனர், ஸ்பார்க் பிளக்கும் அதற்கான பாக்ஸ் ஸ்பேனரும், 10, 15, 20 ஆம்பியர் ஃபியூஸ், அந்தந்த மாடலுக்கான பெல்ட் ஒன்று, டை ராடு எண்டு ஒன்று, எம்-சீல், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, பைண்டிங் கம்பி, 5 மீட்டர் இழுவைப் பட்டை, இரண்டு ஷேக்கிள் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்), ராட்செட் பெல்ட், 1 கிலோ தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. இழுக்கச் சங்கிலி வேண்டாம். அறுந்தால் அது ஆளைக் கொல்லும்.

பெட்ரோலுக்கு ஒரே கணக்கு: டேங்கில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. லோ கியரில் கல் ஏறும்போது செலவு சாதாரண ஓட்டத்தைவிட நன்றாகவே கூடும். ஆகவே குழுவிலேயே குறைந்த தூரம் ஓடும் வண்டியை வைத்துத்தான் எல்லோருக்கும் திட்டம் போட வேண்டும்.

கரட்டுக்குப் பின்னால் செல்போன் சிக்னல் போய்விடும். உரிமம் தேவைப்படாத 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கி முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் கட்டாயம். மற்ற அலைவரிசைகளில் ஓடும் மலிவு செட்டுகளுக்கு உரிமம் வேண்டும், வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள்.

குழு ஒழுங்கு

கிளம்பும் முன் பத்து நிமிடம் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுங்கள். பேச வேண்டியது இவ்வளவுதான்.

வரிசை: தடம் தெரிந்தவர் முதலில். அவருக்குப் பின்னால் குழுவிலேயே அனுபவம் குறைந்தவர். வேகத்தை அவரைப் பார்த்து முதல்வண்டி வைத்துக்கொள்ளலாம் என்பதோடு, புழுதி குறைவான இடமும் அதுவே. நடுவில் மற்றவர்கள். கடைசியில் மெக்கானிக் வேலை தெரிந்தவர், கருவிப்பெட்டியோடு. கடைசி வண்டியைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது, முதல் வண்டியை யாரும் முந்தக் கூடாது. கீழே சொல்லும் திருப்பத்தில் ஆள் விடும் முறையில் தவிர, வரிசை நடுவில் மாறாது.

இடைவெளி: மீட்டரில் சொன்னால் யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள். "முன்வண்டியின் புழுதி அடங்கி, அடுத்த இருபது மீட்டர் தரை உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்" என்று சொல்லுங்கள். காற்று அடிக்கும் நாளில் இது ஐந்து நொடி, காற்றில்லாத காலையில் பதினைந்து நொடிகூட ஆகும். தரை தெரியவில்லையா, நின்றுவிடுங்கள். பின்னால் வருபவர் உங்களைப் பார்க்க மாட்டாரே என்ற பயத்தில் ஓட்டிக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்வது. நிற்பதாக இருந்தால் தடத்தை விட்டுக் காற்று வரும் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், விளக்கு எரியட்டும்.

இடைவெளி விட்டால் வழி தவறுமே என்பார்கள். அதற்குத்தான் திருப்பத்தில் ஆள் விடும் முறை. தடம் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முதல் வண்டி நிற்கும், இரண்டாவதாக வருபவரை அங்கே நிறுத்தும், திசையைக் காட்டிவிட்டுப் போகும். நின்றவர் எல்லா வண்டியையும் அந்தத் திசையில் அனுப்பிவிட்டு, கடைசி வண்டிக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் புதிதாக இரண்டாவது இடத்துக்கு வந்தவர் நிற்பார். இதில் ஒரே ஒரு விதி உடையக்கூடாது: கடைசி வண்டி கண்ணில் படும் வரை நின்றவர் நகரக் கூடாது. அரை மணி நேரம் ஆனாலும் சரி. அனுபவம் குறைந்தவரை இப்படி நிறுத்தத் தயக்கமாக இருந்தால், அவருக்குப் பதில் மூன்றாவது வண்டி நிற்கும் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

சைகை: இடது கையை நேராக உயர்த்தினால் நிற்கிறேன். கையைத் தாழ்த்தி உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் வேகம் குறை. தரையைச் சுட்டினால் அந்தப் பக்கம் பள்ளமோ கம்பியோ. எதிரே ஆளோ டிராக்டரோ வந்தால், நின்று, பின்னால் இன்னும் எத்தனை வண்டி என்று விரலில் காட்ட வேண்டும். கடைசியாக வருபவர் கையை மூடிக் காட்டினால் அதற்கு மேல் வண்டி இல்லை என்று அர்த்தம். ஆட்டு மந்தையைக் கண்டால் சைகையெல்லாம் வேண்டாம், எஞ்சினை நிறுத்திவிடுங்கள். மேய்ப்பவர் ஓட்டிக்கொண்டு போகட்டும்.

30 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தம். தண்ணீர் குடிப்பது, ஆள் எண்ணுவது, டயரைச் சுற்றிப் பார்ப்பது, சைலன்சரைச் சுற்றிச் சிக்கிய காய்ந்த புல்லைக் குச்சியால் தள்ளிவிடுவது. கையால் எடுக்காதீர்கள், சூடு. அந்தப் புல் தீப்பிடித்தால் வண்டி மட்டும் போகாது. காய்ந்த சருகின் மேல் வண்டியை நிறுத்துவதே கூடாது, பாறை மேலோ வெறுந்தரையிலோ நிறுத்துங்கள்.

தரைக்குத் தக்க ஓட்டம்

மொரம்பும் சரளையும்: திருப்பத்துக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள். பல ஏடிவிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும், அதனால் வண்டி நேராகப் போகவே பார்க்கும். உடம்பை உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் கால்மிதியில் எடையை அழுத்தினால்தான் உள்சக்கரம் லேசாகித் திரும்பும். பைக் ஓட்டிப் பழகியவர்கள் காலைத் தரையில் ஊன்றப் போவார்கள். ஊன்றினால் பின்சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறும். கால் எப்போதும் மிதியில்.

உருண்டைக் கல் தடம்: எழுந்து நின்று, முழங்கால் தளர்த்தி, கட்டை விரல்களை ஹேண்டிலுக்கு மேல் வைத்துப் பிடியுங்கள். கல்லில் சக்கரம் மோதி ஹேண்டில் சுழன்றால் உள்ளே சுற்றிய கட்டை விரல்தான் முறியும். ஆக்சிலரேட்டர் விரலுக்கு மட்டும் விதிவிலக்கு. பெரிய கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டலாம் என்று நினைக்காதீர்கள், அடித்தகடு உட்கார்ந்துவிடும். ஒரு சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றி மெதுவாக இறக்குங்கள்.

கரட்டு ஏற்றம்: முதலில் இறங்கி நடந்து மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள், உச்சிக்கு அந்தப் பக்கம் குவாரி விளிம்பாக இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஏற வேண்டும், அது மேலே போய் ஒதுங்கிக் கைகாட்டிய பிறகே அடுத்தது. நான்கு சக்கர ஓட்டத்தையும் லோ கியரையும் அடிவாரத்திலேயே நின்று போட்டுவிடுங்கள். உடம்பை முன்னுக்குத் தள்ளி, சீரான ஆக்சிலரேட்டரில் போங்கள். பாதியில் நின்றுவிட்டால் செய்ய வேண்டிய வரிசை:

1. உடம்பை இன்னும் முன்னுக்குத் தள்ளி இரண்டு பிரேக்கையும் பிடித்து, பார்க்கிங் பிரேக் போடுங்கள்.
2. மேட்டுப்பக்கமாக மட்டும் இறங்குங்கள்.
3. வண்டியைக் குறுக்கே மெல்லத் திருப்பி, முகம் கீழே பார்க்கும்படி ஆக்கி, மேட்டுப்பக்கம் இருந்தபடியே வண்டியில் ஏறிக் கீழே ஓட்டி வாருங்கள். செங்குத்தாக இருந்தால் தனியாகச் செய்யாமல் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள்.

வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கிவிட்டால் பின் பிரேக்கை மட்டும் பிடிக்கக் கூடாது. முன்பக்கம் தூக்கி உங்கள் மேலேயே கவிழும். எடையை முன்னால் வைத்து முன் பிரேக்கை மெல்ல அழுத்தி, நின்றபின் பின் பிரேக். அதற்கும் அடங்காமல் வேகம் எடுத்தால் மேட்டுப்பக்கம் குதித்து வண்டியை விட்டுவிடுங்கள்.

இறக்கம்: எடை பின்னால், லோ கியர், எஞ்சின் பிடிப்பில் இறங்குவது. பிரேக்கைத் தொடர்ந்து அமுக்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். சரிவைக் குறுக்காகக் கடப்பதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். வழியில்லை என்றால் உடம்பு முழுக்க மேட்டுப்பக்கம்.

வற்றிய ஓடை: மேலே காய்ந்த வண்டல், அடியில் ஈரக் களி இருக்கலாம். இறங்கி மிதித்துப் பார்த்துக் குறுக்கே நேராகக் கடந்துவிடுங்கள், நெடுக ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் ஆழத்தைக் கழியால் பாருங்கள். கால்மிதி மட்டத்துக்கு மேல் என்றால் திரும்பிவிடுங்கள். கடந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்தி உலர்த்துங்கள்.

ஜெய்சால்மர் பக்கம் போய் உண்மையான மணல்மேட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அங்கே காற்றழுத்தத்தைக் குறைக்க வேண்டும், வேகத்தை விடாமல் ஏற வேண்டும், மேட்டின் மறுபக்கம் கத்தி விளிம்பாய் விழும் என்பதால் ஒவ்வொரு வண்டியிலும் உயரமான கழியில் கொடி கட்டியிருக்க வேண்டும். இங்கே கற்ற பழக்கத்தில் பாதியை அங்கே தலைகீழாக்க வேண்டியிருக்கும்.

கோளாறு வந்தால்

முள் ஏறிய டயர்: முள்ளை உடனே பிடுங்காதீர்கள், இடம் தெரியாமல் போகும். திரியைத் தயாராக வைத்துக்கொண்டு பிடுங்கி, துளையை ரீமரால் அகலப்படுத்தி, பசை தடவிய திரியைச் செருகி, வெளியே 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒரு முள் தெரிந்தால் இன்னும் மூன்று இருக்கும். எச்சில் தடவிச் சுற்றிலும் பாருங்கள்.

ரிம்மிலிருந்து கழன்ற டயர்: டயரின் நடுச் சுற்றில் ராட்செட் பெல்ட்டைக் கட்டி இறுக்கினால் இரண்டு ஓரமும் விரிந்து ரிம்மைத் தொடும். சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தால் 'டப்' என்று உட்காரும். பெல்ட்டை உடனே தளர்த்திவிட்டு, டயரின் பக்கத்தில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டாமல் காற்றடியுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி உட்கார வைக்கும் வித்தையைச் சிலர் வீடியோவில் காட்டுகிறார்கள், வேண்டாம்.

கவிழ்ந்த வண்டி: ஆளைப் பார்த்த பிறகுதான் வண்டியைப் பார்க்க வேண்டும். சாவியை அணைத்து, நிமிர்த்தி, பத்து நிமிடம் விடுங்கள். தலைகீழாகக் கிடந்திருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கியிருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரை ஓரிரு நொடி சுற்றி ஆயிலை வெளியேற்றி, ஃபில்டர் பெட்டியைத் துடைத்து, பிறகு பிளக்கைப் போடுங்கள். கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும், அது பரவாயில்லை.

வின்ச் (வண்டியை இழுக்கும் கயிற்று உருளை) இருந்தால் கயிற்றின் நடுவில் ஒரு கோணிப்பையோ ஜாக்கெட்டோ போடுங்கள், அறுந்தாலும் கயிறு தரையில் விழும். புளியமரத்தில் கட்டும்போது அகலப் பட்டை போட்டுக் கட்டுங்கள். கயிறே நேராகச் சுற்றினால் பட்டை உரிந்துவிடும், சாலையோரப் புளியமரம் பெரும்பாலும் யாரோ ஏலம் எடுத்த மரம்.

ஆளுக்கு ஆபத்து என்றால் 108. கூப்பிடும் முன் நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஆம்புலன்ஸ் வர முடியுமா என்று யோசியுங்கள், முடியாது. ஆகவே தடத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒன்றாகத் தார்ச்சாலை தொடும் இடங்களை முன்பே குறித்து, ஆளை எங்கே கொண்டுவருவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். துணைக்கு வந்த பிக்கப் அந்தச் சாலையில் நகர்ந்துகொண்டே இருக்கட்டும். கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், தூக்காதீர்கள், ஆள் வரும் வரை தலையை அசையாமல் பிடித்திருங்கள். மூச்சு நின்றிருந்தால் மட்டும் இதற்கு விலக்கு.

வெயிலில் ஒருவர் பேச்சில் குழறினால், நடை தள்ளாடினால், அவருக்கு வெப்பவாதம் என்று எடுத்துக்கொண்டு நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாறை இடுக்கில் பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, எது பக்கமோ அங்கே கொண்டுபோங்கள். மந்திரிக்க நிறுத்தாதீர்கள்.

ஓட்டம் முடிந்தபின்

கடைசி வண்டி வந்து சேர்ந்ததும் ஆள் எண்ணி, கிணற்றுக் கழிகளைப் பிடுங்கி, குப்பையைப் பொறுக்கி, அனுமதி கொடுத்த நிலத்துக்காரர்களிடம் நேரில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குழாய் உடைந்திருந்தால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லி, அன்றே ஆள் வைத்துச் சரிசெய்து கொடுங்கள். ஒரு பிவிசி இணைப்புக்கு ஆகும் செலவில் அடுத்த வருடத் தடம் காப்பாற்றப்படும்.

வண்டியை அன்றே கழுவுங்கள். அடிப்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே கிலோ கணக்கில் செம்மண்ணும் சருகும் இருக்கும். பெல்ட் பெட்டியின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து தண்ணீர் வருகிறதா பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் ஒட்டினால் ஃபில்டர் ஓரத்தில் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் அந்த வண்டியை அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள். சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கி, கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடங்களில் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புதிதை அடித்துவிடுங்கள்.